பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: அட்டையைத் தேடி எடுப்பதிலிருந்து அடுத்த தவணை வரை

பெருந்தொற்று ஒன்று பரவும்போது எல்லோருடைய கவனமும் புதிய தடுப்பூசி மீதுதான் இருக்கும். எப்போது வரும், எந்த வயதுக்கு, எத்தனை தவணை என்று நாள் முழுவதும் பேசுவோம். அந்தப் பரபரப்பில், அலமாரிக்குள் கிடக்கும் பிள்ளையின் பழைய தடுப்பூசி அட்டை மறந்துபோகிறது. ஆபத்து அங்கேயும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியில் ஒரு தவணையையாவது தவறவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. கோவிட்-19 வருவதற்கு முந்தைய 2019இல் அந்த எண்ணிக்கை 1.9 கோடி. ஊரடங்கும் தொற்றுப் பயமும் அடைத்துக்கிடந்த பள்ளிகளும் சேர்ந்து உண்டாக்கிய இடைவெளி இது. தட்டம்மை பரவுவதற்கு இவ்வளவு இடைவெளி தாராளம்.

அதனால் இந்த வழிகாட்டி அட்டையிலிருந்தே தொடங்குகிறது. புதிய ஊசி அதற்கு அடுத்தது.

முதல் படி: அட்டையைத் திறந்து கணக்கு எடுங்கள்

அட்டையில் இருக்கும் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். "போட்டதாக ஞாபகம்" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அட்டை தொலைந்துபோயிருந்தால் போட்ட இடத்துப் பதிவேட்டில் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், பெரும்பாலான தடுப்பூசிகளைப் போடாததாகவே கொண்டு மறுபடி போட்டுவிடலாம். ஏற்கெனவே போட்ட தட்டம்மை ஊசியை இன்னொரு முறை போடுவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. போடாமல் விடுவதுதான் கெடுதல்.

பெற்றோர் பலரும் செய்யும் தவறு, தவணை தள்ளிப்போய்விட்டதே, இனி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைத்து மலைத்துப்போய் எதுவுமே செய்யாமல் இருந்துவிடுவது. வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளில் அப்படி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இரண்டு தவணை போட்டு, மூன்றாவது ஒரு வருடம் தாமதமாகியிருந்தால், மூன்றாவதைப் போட்டால் போதும். உடலின் நோய் எதிர்ப்பு நினைவு அந்த இடைவெளியில் அழிந்துவிடுவதில்லை. நீண்ட இடைவெளியால் கெடுதல் இல்லை, குறுகிய இடைவெளியில்தான் சிக்கல். இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தபட்ச நாள் கழியாமல் போட்டால் இரண்டாவது தவணை சரியாக வேலை செய்யாது. மூன்று நோய் ஊசியின் முதல் தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும்.

தட்டம்மை ஊசி உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமியால் ஆனது. சின்னம்மை ஊசியும் அப்படித்தான். இப்படி ஊசியாகப் போடும் உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் 28 நாள் இடைவெளி விடவேண்டும். ஒன்று முடிந்த பத்தாம் நாள் இன்னொன்று போட்டால், முதல் ஊசி தூண்டிவிட்ட எதிர்ப்பு இரண்டாவதன் கிருமி பெருகவிடாமல் தடுத்துவிடும். உயிரற்ற ஊசிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே வருகையில் பல ஊசிகளைச் சேர்த்துப் போடலாம். ஒரே கையில் இரண்டு போட்டால் நடுவே 2.5 சென்டிமீட்டராவது தள்ளிப் போடவேண்டும். எந்த இடம் வீங்கியது என்று பிறகு தெரிந்துகொள்வதற்குத்தான் அது.

வயது வரம்புகள் இரண்டு மூன்று இருக்கின்றன. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தைக் குறிப்பிட்ட வயதுக்கு மேல் தொடங்குவதில்லை. எந்த வயது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் பகுதியின் அளவு குறைந்த ஊசியைத்தான் போடவேண்டும், கைக்குழந்தைக்குப் போடுவதை அல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி, பள்ளிகள் அடைத்திருந்த காலத்தில் அதிகம் விடுபட்டவற்றில் ஒன்று. 15ஆவது பிறந்தநாளுக்கு முன் தொடங்கினால் வழக்கமாக இரண்டு தவணை போதும், பிறகு தொடங்கினால் மூன்று. பார்க்கவேண்டியது முதல் தவணை போட்ட நாளின் வயதை. சில நாடுகள் இப்போது ஒரே தவணையோடு நிறுத்திக்கொள்கின்றன. 14 வயது முடியப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டாம் படி: புதிய ஊசி பிள்ளைகளுக்கு ஏன் கடைசியில் வருகிறது, அளவு எப்படி முடிவாகிறது

புதிய தடுப்பூசியைப் பெரியவர்களிடம் சோதித்த பிறகுதான் வளரிளம் பருவத்தினருக்கும், அடுத்து சிறுவர்களுக்கும், கடைசியில் கைக்குழந்தைகளுக்கும் இறங்குவார்கள். ஃபைசர்-பயோஎன்டெக் கோவிட் ஊசிக்கு அமெரிக்காவில் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2020 டிசம்பரில் அவசர அனுமதி கிடைத்தது. 12 முதல் 15 வயதுக்கு 2021 மே மாதம், 5 முதல் 11 வயதுக்கு 2021 அக்டோபர், 6 மாதக் குழந்தைக்கு 2022 ஜூன். இந்தத் தாமதத்தை அலட்சியம் என்று பலர் கோபப்பட்டார்கள். சிறுவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் வேறுவிதமாக வேலை செய்வதால், ஒவ்வொரு வயதுக்கும் அளவைத் தனியாகக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

அளவு எப்படி முடிவானது என்று பாருங்கள். 12 வயதுக்கு மேல் 30 மைக்ரோகிராம். 5 முதல் 11 வயதுக்கு 10, 20, 30 மூன்றையும் சோதித்து 10ஐத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவருக்குப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கிலேயே, 16 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு இணையான எதிர்ப்பு சிறுவர்களுக்கு வந்தது, காய்ச்சலும் குறைந்தது. ஐந்து வயதுக்குக் கீழே 3 மைக்ரோகிராம் வைத்துப் பார்த்தபோது, 2 முதல் 4 வயதினரில் இரண்டு தவணை போதிய எதிர்ப்பைத் தரவில்லை. அதனால் மூன்றாவது தவணை சேர்க்கப்பட்டது. "சின்னப் பிள்ளைக்குச் சின்ன அளவு போட்டால் போதும்" என்று யாரும் ஊகித்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே சாட்சி.

இதனால் கிடைக்கும் நடைமுறை விதி ஒன்று. கோவிட் ஊசியின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்ததல்ல, போடும் நாளில் அது நிறைந்திருக்கும் வயதைப் பொறுத்தது. ஒல்லியான 12 வயதுக்காரருக்குச் சிறுவர் அளவு போதும் என்றோ, பருமனான 10 வயதுக்காரருக்குப் பெரியவர் அளவு வேண்டும் என்றோ கேட்காதீர்கள். இரண்டு தவணைகளுக்கு நடுவில் பிள்ளைக்கு 12 வயது ஆகிவிட்டால், இரண்டாவது நாளின் வயதுக்கு உரிய அளவைப் போடுவதே வழக்கம்.

சோதனை எண்ணிக்கையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடவேண்டும். 12 முதல் 15 வயதுச் சோதனையில் 2,260 பேர் இருந்தார்கள். ஊசி போட்ட 1,131 பேரில் இரண்டாம் தவணைக்கு ஒரு வாரம் கழித்து யாருக்கும் நோய் வரவில்லை, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 16 பேருக்கு வந்தது. தடுப்பூசி வேலை செய்கிறது என்று காட்ட இது போதும். அரிய பக்க விளைவைக் காட்ட இது போதாது. ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு கோளாறு ஒருமுறைகூடத் தென்படவில்லை என்றால், அது சுமார் 375 பேரில் ஒருவருக்கு மேல் வராது என்று மட்டுமே புள்ளியியல் சொல்லும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது, லட்சக்கணக்கானவர்கள் போட்ட பிறகுதான் தெரியும். கோவிட் ஊசியால் வந்த இதயத் தசை அழற்சி அப்படித்தான் தெரியவந்தது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஐரோப்பாவில் பயன்பட்ட பாண்டம்ரிக்ஸ் ஊசிக்குப் பிறகு, பின்லாந்திலும் சுவீடனிலும் சிறுவர்களிடையே நார்கோலெப்சி என்னும் தூக்கக் கோளாறு கூடியதும் 2010இல் அப்படித்தான் வெளிப்பட்டது. போட்ட பிறகும் தொடர்ந்து கண்காணிப்பது ஏன் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: இன்று போடலாமா, தள்ளிப்போடலாமா

மூக்கு ஒழுகுதல், லேசான காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருப்பது, ஆஸ்துமா, தோல் அரிப்பு, மாதவிடாய் இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் அல்ல. முட்டை அலர்ஜி கோவிட் ஊசிக்கும் தட்டம்மை ஊசிக்கும் தடை இல்லை. அதிகக் காய்ச்சலோடு துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் குணமாகும் வரை பொறுங்கள். காய்ச்சல் நோயினாலா ஊசியினாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தடை என்று உறுதியாகச் சொல்லவேண்டியது, அதே ஊசியின் முந்தைய தவணைக்கோ அதில் உள்ள ஒரு பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான். ஃபைசர் கோவிட் ஊசி போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியில் அந்தப் பொருள் பாலிஎத்திலீன் கிளைகால். முந்தைய தவணைக்குப் பிறகு இதயத் தசை அழற்சி வந்த பிள்ளைக்கு அடுத்த தவணையை நிறுத்திவைத்து இதய மருத்துவரைக் கேட்கவேண்டும்.

கோவிட் வந்து போன சில பிள்ளைகளுக்கு 2 முதல் 6 வாரம் கழித்துப் பல உறுப்புகளும் வீங்கும் அழற்சி நோய் வருவதுண்டு. அது வந்த பிள்ளைக்கு முழுக்கக் குணமாகி 90 நாளாவது கழிந்த பிறகு கோவிட் ஊசியைப் பற்றி யோசிப்பது நல்லது. அந்தச் சிகிச்சையில் நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருப்பார்கள். அதில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளின் கிருமியை முறித்துவிடும். அதனால் அந்த இரண்டையும் 11 மாதம் தள்ளிப்போடவேண்டும். இது அடிக்கடி மறந்துபோகிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் தாளில் இதை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது நாளொன்றுக்கு மொத்தம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு வாரம் அல்லது அதற்கும் கூடுதலாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு, மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும் வரை உயிருள்ள தடுப்பூசி போடக்கூடாது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பம்ப் இந்தக் கணக்கில் வராது. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பிறகோ இருக்கும் பிள்ளைக்கு உயிரற்ற ஊசிகள் போடலாம். கோவிட் ஊசியில் அவர்களுக்குக் கூடுதல் தவணையே தேவைப்படும். ரத்தம் உறையாத குறைபாடு உள்ளவருக்கு மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். உறைபொருள் ஏற்றும் வழக்கம் இருந்தால் ஏற்றிய சற்று நேரத்தில் போடுவது நல்லது.

நான்காம் படி: பிள்ளையிடம் பேசுவது

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்த அந்த நொடியே உங்கள் வார்த்தை போய்விடும், அடுத்த தவணைக்குப் பிள்ளையைத் தூக்கித்தான் வரவேண்டியிருக்கும். "ஒரு நொடி சுருக்கென்று இருக்கும், நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்பது போதும். நான்கு வயதுக்குக் கீழே அன்று காலை சொன்னால் போதும். பெரிய பிள்ளைக்கு ஒருநாள் முன்னதாகச் சொல்லி, எந்தக் கையில் போடுவது, ஊசியைப் பார்ப்பதா திரும்பிக்கொள்வதா என்பதை அதுவே முடிவு செய்யட்டும். இரண்டு சின்ன முடிவுகள் தன் கையில் இருந்தால் பயம் பாதி தணியும்.

வளரிளம் பருவத்தினருக்குப் பயத்தைவிடச் சந்தேகம் அதிகம். பிள்ளை பெறும் ஆற்றலைப் பாதிக்குமா, மாதவிடாய் மாறுமா, விளையாட முடியுமா என்றெல்லாம் கைப்பேசியில் படித்திருப்பார்கள். முதலில் முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள். கோவிட் ஊசிக்குப் பிறகு மாதவிடாய்ச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போய், பிறகு பழைய நிலைக்குத் திரும்பியதாக ஆய்வுகள் காட்டின. அதை மறைக்காமல் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பெண் தனக்குத் தெரிந்த மாற்றத்தை "ஒன்றுமில்லை" என்று தட்டிக்கழிப்பவரை நம்பமாட்டாள். மருத்துவரிடம் சில நிமிடம் தனியாகப் பேசும் வாய்ப்பையும் கொடுங்கள்.

ஊசிப் பயம் கடுமையாக உள்ள பிள்ளையைக் கூட்ட வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் மயங்கி விழுவதைப் பார்த்து அடுத்தடுத்துப் பலர் மயங்குவதும் உண்டு. 2014இல் கொலம்பியாவின் எல் கார்மென் தெ பொலிவார் ஊரில் ஹெச்.பி.வி. ஊசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாணவியர் மயக்கம், நடுக்கம், கை கால் மரத்தல் என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். பதற்றத்தால் உண்டாகும் இந்த உடல் விளைவு நடிப்பல்ல, அவர்கள் படும் வேதனை உண்மை. பள்ளியில் முகாம் நடத்துபவர்கள் ஊசி போடும் இடத்தைத் திரை போட்டு மறைத்து, போட்டு முடித்தவர்கள் வேறு வழியாக வெளியேறும்படி அமைத்தால் இது பெருமளவு தவிர்க்கப்படும்.

ஐந்தாம் படி: ஊசி போடும் மேசையில்

சிரிஞ்சில் மருந்தை ஏற்றும் முன் கேட்கவேண்டிய கேள்வி: "இது எந்த வயதுக்கு உரிய குப்பி?" கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். குழப்பம் எப்படி வரும் என்பதற்கு ஃபைசர் ஊசியின் முதல் வடிவமே பாடம். அப்போது பெரியவர் குப்பிக்கு ஊதா மூடி. அதில் 1.8 மில்லிலிட்டர் சலைன் கலந்து ஆளுக்கு 0.3 மில்லிலிட்டர் எடுத்தார்கள். 5 முதல் 11 வயதுக் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. அதில் 1.3 மில்லிலிட்டர் சலைன் கலந்து 0.2 மில்லிலிட்டர். பெரியவர்களுக்குப் பிறகு வந்த சாம்பல் மூடிக் குப்பிக்குக் கலக்கவே தேவைப்படவில்லை. கைக்குழந்தைகளுக்கு உரியதாக இருந்தது அரக்கு நிற மூடி, 2.2 மில்லிலிட்டர் கலந்து 0.2 எடுத்தார்கள்.

கைதவறி ஊதா மூடிக் குப்பியிலிருந்து 0.2 மில்லிலிட்டரை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? ஊதாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஆரஞ்சில் 50. பிள்ளைக்குப் போகவேண்டியது 10, போனது 20. சிரிஞ்சைப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான். வித்தியாசம் குப்பியின் மூடியில் மட்டுமே தெரியும். சலைன் கலக்க மறந்தால் அளவு இன்னும் பல மடங்காகும். சலைனை மட்டும் ஏற்றிவிட்ட தவறுகளும் உண்டு. இதனால்தான் ஒரே மேசையில் இரண்டு வயதுக் குப்பிகளை வைக்கவே கூடாது. ஒவ்வொரு வயதுக்கும் தனி மேசை, தனி நேரம், கலந்த குப்பியின் மேல் கலந்த நேரம். அவசரத்தில் இந்த ஒழுங்குதான் முதலில் கலைகிறது.

கைக்குழந்தைக்குத் தொடையின் வெளிப்பக்க முன்தசையில் போடவேண்டும். மூன்று வயதுக்கு மேல் தோள் தசை. தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, அக்குளின் மட்டத்துக்கு மேலே. அதைவிட மேலே குத்தினால் தோள் மூட்டுக்குள் மருந்து இறங்கி வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாத வலி வரும். சட்டைக் கையை மேலே சுருட்டினால் இறுக்கும், கழுத்துப் பக்கம் இழுத்தால் இடம் சரியாகத் தெரியாது. முழுத் தோளும் வெளியே தெரியும் உடையைப் போட்டுவாருங்கள்.

சிறு பிள்ளையைப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்காதீர்கள். அதுவே பெரிய பயத்தை உண்டாக்கும். உங்கள் மடியில், உங்கள் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளை உட்காரட்டும். அதன் இரண்டு கால்களும் உங்கள் இடுப்பின் இருபுறமும் தொங்கட்டும். போடாத கையை உங்கள் முதுகுப் பக்கம் கொண்டுபோய் உங்கள் கைக்கு அடியில் அணைத்துக்கொள்ளுங்கள். போடும் கையை முழங்கைக்கு மேலே உங்கள் இன்னொரு கையால் மெதுவாகப் பற்றுங்கள். இப்படி அணைத்தால் பிள்ளை திமிறினாலும் ஊசி நகராது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்பிருந்து பால் கொடுத்துக்கொண்டே போடலாம். ஊசி போடுபவர் ஏற்றுவதற்கு முன் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கத் தேவையில்லை. அது வலியைத்தான் கூட்டும். பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிக்கக்கூடியதைக் கடைசியில் போடவேண்டும். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு பயன்படுத்தினால் ஒரு மணி நேரம் முன்பே, சரியான இடத்தில் தடவியிருக்கவேண்டும்.

முன்பு ஊசியில் மயங்கிய பிள்ளையைப் படுக்கவைத்துப் போடுங்கள். கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, அரை நிமிடம் தளர்த்தி, மறுபடி இறுக்கக் கற்றுக்கொடுங்கள். ரத்த அழுத்தம் சரியாமல் இருக்க இது உதவும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்திருக்கவேண்டும்.

ஆறாம் படி: உட்கார்ந்திருக்கும் 15 நிமிடம்

வளரிளம் பருவத்தினரில் மயக்கமே அடிக்கடி நிகழ்வது, பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள். ஆபத்து மயக்கத்தைவிட விழுந்து தலையில் அடிபடுவதில்தான். அதனால் நிற்கவோ வாசலுக்குப் போகவோ விடாமல் உட்காரவைக்கிறோம். வேறு ஊசிக்கோ மருந்துக்கோ கடும் ஒவ்வாமை வந்த பிள்ளை 30 நிமிடம் இருக்கவேண்டும்.

மயக்கத்தையும் கடும் ஒவ்வாமையையும் பிரித்தறிவது எளிது. மயக்கத்தில் முகம் வெளிறி, வியர்த்து, நாடி மெதுவாகும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். ஒவ்வாமையில் தடிப்பு, அரிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, வேகமான நாடி, படுக்கவைத்தாலும் சரியாகாது. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலினை எடை கிலோவுக்கு 0.01 மில்லிலிட்டர் தொடைத் தசையில் போடுவார்கள். 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிலிட்டர். சரியாகாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடலாம். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தான தாமதம். முகாமுக்குப் போகும்போது அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடத்துக்குப் போங்கள்.

ஏழாம் படி: வீட்டில் முதல் இரண்டு நாள்

கை வலி, சோர்வு, தலைவலி, காய்ச்சல், போட்ட கையின் அக்குளில் நெறிகட்டுதல் எல்லாம் எதிர்பார்க்கவேண்டியவை. பெரும்பாலும் இரண்டு நாளில் தணியும். இரண்டாம் தவணைக்குச் சற்று அதிகமாக இருக்கும். தேர்வுக்கோ போட்டிக்கோ முந்தின நாளை ஊசிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்கும் பழக்கம் வேண்டாம், மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர. கைக்குழந்தைகளில் அது சில ஊசிகளின் எதிர்ப்பைக் குறைத்ததாகத் தெரிந்திருக்கிறது. வந்த பிறகு, பிள்ளை வேதனைப்பட்டால் கொடுங்கள். எடை கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது சிரப் பாட்டிலில்தான். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. 15 கிலோ பிள்ளைக்கு 225 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் சுமார் 9 மில்லிலிட்டர், இரண்டாவதில் 4.5. மூடியிலோ கரண்டியிலோ அளக்காமல் மருந்தளவு சிரிஞ்சில் அளந்து, பாட்டிலின் எண்ணை ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோயை உண்டாக்கலாம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் ஊசிதான் காரணம் என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வரலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

எட்டாம் படி: முதல் வாரத்தில் நெஞ்சு வலி

எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குப் பிறகு வரும் இதயத் தசை அழற்சி பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, இரண்டாம் தவணைக்குப் பிறகு, முதல் வாரத்துக்குள் வருகிறது. அமெரிக்காவில் பதிவானவற்றின்படி, ஃபைசர் ஊசியின் இரண்டாம் தவணைக்குப் பிறகு 12 முதல் 15 வயது ஆண்களில் பத்து லட்சம் தவணைக்குச் சுமார் 71 பேருக்கும், 16–17 வயது ஆண்களில் சுமார் 106 பேருக்கும் வந்தது. பெண்களிலும் 12 வயதுக்குக் கீழேயும் மிகவும் குறைவு. கோவிட் நோயே இதயத்தைத் தாக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோடவேண்டும். இரண்டு தவணைகளுக்கு நடுவே 3 வாரத்துக்குப் பதில் 8 வாரம் விட்டால் இந்த ஆபத்து குறையும் என்று தெரிந்த பிறகு பல நாடுகள் இடைவெளியை நீட்டின. சீக்கிரம் முழுப் பாதுகாப்பு தேவைப்படும் நோயாளிப் பிள்ளை அல்லாதவருக்கு நீண்ட இடைவெளியே சிறந்தது என்பது எங்கள் தெளிவான கருத்து.

நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு, காரணமில்லாத களைப்பு. இவற்றில் ஒன்று அந்த வாரத்தில் வந்தால் "ஊசி அசதி" என்று காத்திருக்காதீர்கள். ஈ.சி.ஜி.யும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதும் அன்றே பார்க்கவேண்டும், ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஓய்விலும் சாதாரண வலி மருந்திலும் தேறிவிட்டார்கள். ஆனால் தேறிய பிறகும் 3 முதல் 6 மாதம் கடும் விளையாட்டு கூடாது. பையன் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மைதானத்துக்கு ஓடுவான், அங்கே உறுதியாக நில்லுங்கள்.

ஒன்பதாம் படி: தவறு நடந்துவிட்டால்

பிள்ளைக்கு அதிக அளவு போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், அது செல்லுபடியான தவணைதான். மறுபடி போடவேண்டாம். பிள்ளையைக் கவனித்துக்கொண்டு, அடுத்ததைச் சரியான இடைவெளியில் சரியான அளவில் போடுங்கள். குறைந்த அளவு போட்டிருந்தாலோ, பாதி வழிந்துபோயிருந்தாலோ, முழு அளவையும் மறுபடி போடவேண்டும், கோவிட் ஊசியில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. குறைந்தபட்ச இடைவெளிக்கு வெகுமுன்பே போட்ட தவணை கணக்கில் வராது. தவறு செய்தவரிடம் சண்டை போடுவதைவிட, குப்பியின் தொகுதி எண்ணையும் ஏற்றிய அளவையும் எழுதி வாங்குவதும், பக்க விளைவுப் பதிவுக்கு அனுப்பச் சொல்வதும்தான் பிள்ளைக்கும் அடுத்து வரப்போகும் பிள்ளைகளுக்கும் உதவும்.

எல்லாம் சரியாக நடந்த நாளிலும் அந்த எண் வேண்டும். மேசையை விட்டு எழும் முன் அட்டையில் ஊசியின் பெயர், தொகுதி எண், அளவு, தேதி, எந்தக் கை, அடுத்த தவணைத் தேதி ஆறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கேயே அதைப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டு, பிள்ளையோடு அந்தப் பதினைந்து நிமிட நாற்காலியில் போய் உட்காருங்கள்.